நாற்காலிக்கு மேலே ஒரு கறை

லாண்டரியம்மாவின் கடைப் பலகையில் ‘எந்தக் கறையும் எடுக்கப்படும்’ என்று எழுதியிருக்கும். அதில் ‘எந்த’ என்பதை மட்டும் சிவப்பில் எழுதச் சொன்னது அவள்தான். வெறும் ஜம்பம் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தேழு வருடமாக அந்தத் தெரு சிந்திய டீ, பேனா மை, சைக்கிள் செயின் கிரீஸ், லிப்ஸ்டிக், அப்புறம் யாரும் விளக்கம் சொல்ல விரும்பாத சில சமாச்சாரங்கள் எல்லாவற்றையும் அவள் கை பார்த்திருக்கிறது. துணி கொண்டு வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே, “இது சாப்பாட்டு எண்ணெய் இல்ல, தலை எண்ணெய். நேத்துப் படல, போன வாரம் பட்டது” என்று சொல்லிவிடுவாள். கதை கட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதியிலேயே அதை மடித்து வைத்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டு ஹாலில், ஜன்னலை ஒட்டிப் போட்ட பிரம்பு நாற்காலிக்கு மேலே, வெள்ளைச் சுவரில், ஒரு தலை அளவுக்கு எண்ணெய்க் கறை இருந்தது.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க மாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. சாயங்காலம் ஆனால் கழுத்து அவர் பேச்சைக் கேட்காது. வீட்டுக்கு வந்ததும் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்து ‘அப்பாடா’ என்பார். எண்ணெய் விஷயத்தில் மனிதருக்குக் கஞ்சத்தனமே கிடையாது. முதல் வருடம் சுவரில் ஒரு பொட்டு அளவு விழுந்தது. ஐந்தாம் வருடம் தட்டு அளவு ஆனது. பத்தாம் வருடத்துக்குப் பிறகு அளப்பதை நிறுத்திவிட்டார்கள்.

லாண்டரியம்மா சும்மா விட்டுவிடவில்லை. செய்தித்தாளை ஒட்டிப் பார்த்தாள்; அது அவர் தலையோடு ஒட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டது. ஆணி அடித்துத் துண்டைத் தொங்கவிட்டாள். அவர் அதை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு திரும்ப மாட்ட மறந்தார். நாற்காலியைச் சுவரை விட்டு இழுத்துப் போட்டாள். மறுநாளே அது தானாக நடந்து பழைய இடத்துக்குப் போயிருந்தது. தினமும் ஒரு சண்டை. சண்டையின் கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டே, “ஊர்க் கறையெல்லாம் எடுக்கிற. இது ஒண்ணு உன்னால முடியலையே” என்பார். அவளும் விடாமல் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: “எனக்கு நேரம் இல்ல.”

அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். என் சம்சாரத்தின் கைக்கு அடங்காத ஒரே கறை என் தலைதான் என்பார். துணி வாங்க வருகிறவர்கள் கூட, “வீட்டுக் கறை எப்படி இருக்கு?” என்று குசலம் விசாரிப்பார்கள். லாண்டரியம்மா இஸ்திரிப் பெட்டியை டங்கென்று வைப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். சண்டை நின்றது. கறை மட்டும் போகவில்லை. முதலில் சாம்பலாக இருந்தது நாளாக ஆக வெதுவெதுப்பான ஓர் இளம்பழுப்புக்கு வந்து அங்கேயே குடியிருந்தது. கடையைச் சாத்திவிட்டு வந்ததும் லாண்டரியம்மா டீ போட்டு எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். அன்றைக்கு என்னென்ன கறை வந்தது, யார் யார் என்னென்ன பொய் சொன்னார்கள் என்று அதனிடம் சொல்வாள். மகள் வேலையிலிருந்து வர அரை மணி நேரம் இருக்கும். அதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கறை அவளுக்கு வேண்டும். அது வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. இருபத்தெட்டு வருடம் ஒரு மனிதரை நிற்க வைத்துத் திட்டிய விஷயத்தில், அவர் தலை மறைந்ததும் கட்சி மாறினால் மானம் என்னாவது? சிவப்பில் எழுதிய அந்த ‘எந்த’ என்னாவது?

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் மகள் பெயிண்ட் கலர்கள் அச்சிட்ட ஷேட் கார்டோடு வந்தாள்.

மகள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். கிளினிக்கில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். முன்பெல்லாம் நாற்காலிக் கையைப் பிடித்து நடுங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் இப்போது சாய்ந்து உட்கார்ந்து பத்திரிகை புரட்டுகிறார்களாம். ஒருவர் குறட்டை விட்டே தூங்கிவிட்டாராம். எல்லாம் அந்தக் கலர் செய்கிற வேலை. நம் ஹாலுக்கும் அதையே அடிக்கப்போகிறோம் என்று மகள் தீர்மானமாகச் சொன்னாள். சம்மதம் கேட்கும் தொனி அதில் இல்லை. யாருடைய மகள் என்பது அங்கே தெரிந்தது.

“இதுக்குப் பேரு வார்ம் டான் மா. பழுப்புலயே பாரேன், எத்தன ஷேடு இருக்கு.”

லாண்டரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். வரிசையாக முப்பது சின்னக் கட்டங்கள். அவளுக்கு அவை கட்டங்களாகத் தெரியவில்லை, அழுக்குத் துணி மூட்டையாகத் தெரிந்தது. முதல் கட்டம் பால் அதிகமான டீ என்றாள். அடுத்தது சட்டைக் காலர். அடுத்தது மழைச் சேறு, ஆறு மணி நேரம் காய்ந்தது. இது துருப்பிடித்த கொக்கி. இது இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு போன் பேசினால் வருவது. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கேட்டுக்கொள்.

“அம்மா.”

“பின்ன என்னடி. நான் காசு வாங்கிட்டு எடுக்கிற கலர, நீ காசு குடுத்து அடிக்கப்போற.”

மகள் சிரித்துவிட்டாள். ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. லாண்டரியம்மா அடுத்தடுத்துக் காரணங்களை இறக்கினாள். பெயிண்ட் வாடை ஆகாது என்றாள். நாள் முழுக்கக் கறை எடுக்கும் மருந்து வாடையில் நிற்கிறவள் சொல்கிற பேச்சா இது என்று மகள் கேட்டாள். சாமான்களை நகர்த்த ஆள் இல்லை என்றாள். பெயிண்டரே நகர்த்துவார் என்று பதில் வந்தது. வெள்ளைதான் சுத்தம் என்றாள். மகள் திரும்பி, நாற்காலிக்கு மேலே இருந்ததைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

“அப்பா சாஞ்ச இடம்னு யோசிக்கிறியா மா?”

இங்கேதான் லாண்டரியம்மா ‘ஆமாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதையும் முடிந்திருக்கும், பெயிண்டும் மிச்சமாகியிருக்கும். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது முந்திக்கொண்டது.

“நானா? அந்த அசிங்கத்துக்காகவா? எத்தன வருஷம் சண்ட போட்டேன் தெரியுமா. முதல்ல அதத்தான் மூடச் சொல்லணும்.”

மகள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அம்மா அந்தக் கறையைப் பார்த்துப் பார்த்து மருகுகிறாளோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. அதற்காகத்தான் பெயிண்ட் யோசனையே. அன்றே பெயிண்டருக்கு போன் செய்துவிட்டாள்.

பெயிண்டரைத் தெருவில் ‘ரெண்டு கோட்டு’ என்பார்கள். எந்தச் சுவரைக் காட்டினாலும், இடிந்து விழப்போகிற சுவராகவே இருந்தாலும், ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, “ரெண்டு கோட்டு போதும்” என்பார். ஐம்பது வயது இருக்கும். லாண்டரியம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். இருவருக்கும் நடுவில் ஒரு தொழில் போட்டி உண்டு. நீங்க எடுக்கிற ஆளு, நான் மூடுற ஆளு, எது சுலபம் சொல்லுங்க என்று அவர் சீண்டுவார். மூடுவதெல்லாம் ஒரு வேலையா, என் வீட்டுப் பூனை கூடச் செய்யும் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். ரெண்டு கோட்டு போதும் என்றார். கறையைப் பார்த்ததும் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். எண்ணெய்க் கறை பொல்லாதது, சாதாரணமாக அடித்தால் பெயிண்டைத் தின்றுகொண்டு மேலே வந்துவிடும், இதற்கு முதலில் சீலர் பூசி அடைத்துவிட வேண்டும் என்றார். முப்பது வருடத்தில் தான் மூடிய கறை ஒன்று கூட எழுந்து வந்ததில்லை என்று மகளிடம் பெருமை அடித்துக்கொண்டார். லாண்டரியம்மா ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தாள்.

சாம்பிளுக்கு நான்கு ஷேடு வாங்கி வந்து, வெளிச்சம் விழுகிற இடம் என்பதால் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வரிசையாக நான்கு சதுரம் அடித்தார். காய்ந்ததும் லாண்டரியம்மாவைக் கூப்பிட்டார்கள். முதல் சதுரம் கொதித்துக் கசந்த டீ. இரண்டாவது நனைந்த அட்டைப்பெட்டி. நான்காவது தீய்ந்த காலர். மூன்றாவதற்கு வந்தபோது அவளுக்குத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். அது கண்ணை உறுத்தவில்லை. ஏனோ மனசுக்கு இதமாகக்கூட இருந்தது.

“இது முன்னாடியே இங்க இருந்த மாதிரி இருக்கு” என்றாள்.

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவே செலக்ட் பண்ணிட்டா என்று பெயிண்டரிடம் சொல்லி, அன்றைக்கே டப்பாவும் வாங்கியாகிவிட்டது.

மறுநாள் காலை மகள் கிளினிக்குக் கிளம்பிப் போனாள். ரெண்டு கோட்டு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்தார். மூன்று பக்கச் சுவரும் முடிந்தது. சீலர் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு நாற்காலிச் சுவரை நோக்கி நடந்தார். கடைக்குப் போகாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த லாண்டரியம்மா குறுக்கே வந்தாள்.

முதலில் அந்த இடத்தில் சுவர் ஈரமாக இருக்கிறது என்றாள். அவர் தொட்டுப் பார்த்து, காய்ந்துதான் இருக்கிறது என்றார். சீலர் வாடை தனக்கு ஆகாது என்றாள். மற்ற மூன்று சுவருக்கும் போட வேண்டிய பிரைமரைவிட இதில் வாடை குறைவு என்றார். சுவர் மூச்சு விட வேண்டாமா என்று கேட்டாள். ரெண்டு கோட்டு மூக்குத் துணியைக் கீழே இறக்கினார்.

“அக்கா, சீலர் போடாம அடிச்சா பத்தே நாள்ல கறை மேல வந்துடும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

அவர் அவளைப் பார்த்தார். போர்வை போட்டு மூடி நடு ஹாலில் வைத்திருந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததும் அவருக்கு வேறு கவலை வந்தது. கறை எழுந்து வந்தால் உங்கள் பெண் என்ன சொல்லும், தெரு என்ன சொல்லும், முப்பது வருடப் பெயர் போய்விடாதா என்று புலம்பினார். தெரிந்தே கெட்ட வேலை செய்யச் சொல்கிறீர்களே, இதே மாதிரி நான் உங்களிடம் ஒரு சட்டையைக் கொடுத்து கறையோடு திருப்பிக் கொடுங்கள் என்றால் செய்வீர்களா என்று கேட்டார்.

சட்டை என்ற வார்த்தையை அவர் எடுத்திருக்கக் கூடாது. தன் மகள் கல்யாணத்தன்று காலையில், வாசல் கேட்டில் ஒரு கீறல் தெரிகிறது என்று புதுச் சட்டையோடு பிரஷ்ஷைத் தூக்கியவர் அவர். நெஞ்சில் பச்சை பெயிண்ட் வழிய லாண்டரிக்கு ஓடி வந்தார். லாண்டரியம்மா மற்ற வேலையையெல்லாம் தள்ளி வைத்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்து, இஸ்திரி போட்டு மாட்டி அனுப்பினாள். கல்யாண போட்டோவில் மனிதர் ராஜா மாதிரி நிற்கிறார். லாண்டரியம்மா இப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் சட்டையின் மார்பை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

ரெண்டு கோட்டு பெருமூச்சு விட்டுக் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கறையைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு வெளியே சீலர். உள்ளே ஒரு துளி படவில்லை. சுவிட்ச் போர்டைச் சுற்றி அடிப்பது போல அவ்வளவு பக்குவமாக அடித்தார். கெட்ட வேலையைக் கூட மனிதரால் ஒழுங்காகத்தான் செய்ய முடிந்தது.

“ஒண்ணே ஒண்ணுக்கா. வந்துச்சுன்னா, நான் அடிச்சதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

இரண்டு நாளில் வேலை முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஹால் அழகாகத்தான் இருந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து அந்த இளம்பழுப்பில் விழுந்தால் அறையே வெதுவெதுப்பாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஷேடு நம்பர் எழுதிக்கொண்டு போனார்கள். மகள் நாற்காலிக்கு ஒரு குஷன் வாங்கிப் போட்டாள், மூலையில் ஒரு விளக்கு வைத்தாள். லாண்டரியம்மா எல்லோருக்கும் தலையாட்டினாள். மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் ஆயிற்று. சுவர் துடைத்து வைத்தது போல இருந்தது. பதினைந்து நாள் ஆயிற்று. தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் ஒரு தடவை, கடைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்ப்பாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பாள், போட்டுப் பார்ப்பாள். சுவரின் மேல் அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று மகளுக்கு ஒரே பூரிப்பு. இருபத்தைந்தாம் நாள் லாண்டரியம்மா டீயை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அன்றைய கறைகளைச் சொல்ல வாயெடுத்தாள். யாரிடம் சொல்வது? வெறும் சுவர். இரண்டு வருடத்துக்கு முன் அவரை ஆஸ்பத்திரி அனுப்பி வைத்தது. இந்தத் தடவை அனுப்பியது தானேதான் என்று நினைத்தாள். டீயைக் குடிக்காமலே கொண்டுபோய்க் கொட்டினாள்.

மறுநாள் நேரே ரெண்டு கோட்டு வேலை செய்கிற வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் ஏணியில் நின்று சீலிங் அடித்துக்கொண்டிருந்தார். கீழே வீட்டுக்காரர் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் ஒழுங்கா வேலை செஞ்சீங்க?” என்றாள்.

வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரெண்டு கோட்டு அவசரமாகக் கீழே இறங்கி, அவளை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். லாண்டரியம்மா விடவில்லை. என்னிடம் சரி என்று சொல்லிவிட்டு, பெயர் போய்விடும் என்று பின்னால் சீலரைப் பூசிவிட்டீர்கள், கறை ஒரு மயிரிழை கூட வரவில்லை, இப்படியா ஒரு மனுஷன் நம்பிக்கைத் துரோகம் செய்வது என்று பொரிந்து தள்ளினாள். நன்றாக வேலை செய்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த மனிதர், பிரஷ்ஷைக் கையில் பிடித்து அதன் மேல் சத்தியம் செய்தார். சீலர் அந்தப் பக்கம் போகவே இல்லை என்றார்.

“அப்ப அது எங்க போச்சு?”

“அதுதான் எனக்கும் விளங்கல. எண்ணெய் எங்கயும் போகாதுக்கா.”

எண்ணெய் எங்கேயும் போகாது என்பது அவளுக்கு மட்டும் தெரியாதா என்ன? அதை வைத்துத்தானே பிழைக்கிறாள். கடைக்கு வந்து கோபத்தோடு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். மேஜை மேல் முதலில் இருந்தது ஒரு பேன்ட். காலையில் ஒரு கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனது. முட்டிக்கு மேலே எண்ணெய் பட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தார். எவ்வளவு பார்த்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. பேன்டும் பழுப்பு, எண்ணெயும் பழுப்பு. இதற்கு அவளிடம் ஒரு பழைய வழி உண்டு. தண்ணீர் பாட்டிலை எடுத்துத் துணி மேல் புஸ் புஸ்ஸென்று அடித்தாள். துணி முழுக்க நனைந்து கறுத்தது. ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றது. எண்ணெய் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

லாண்டரியம்மா அந்த முத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேன்டும் பழுப்பு, எண்ணெயும் பழுப்பு. முப்பது ஷேடில், நான்கு சதுரத்தில், தான் எதைக் கை காட்டினோம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்னாடியே இங்க இருந்த மாதிரி இருக்கு என்றாளே, இருந்ததுதான். இரண்டு வருடம் தினமும் பார்த்த கலர். ஊர்க் கறையையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவள், தன் வீட்டுக் கறையை ஷேட் கார்டில் அடையாளம் தெரியாமல் தேர்ந்தெடுத்து, சுவர் முழுக்க அடித்து, அதற்குள்ளேயே அதைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பாட்டிலைக் கையில் பிடித்தபடியே கடையைச் சாத்தினாள். மணி மூன்று. லாண்டரியம்மா மூன்று மணிக்குக் கடை சாத்தியதாக அந்தத் தெருவுக்கு நினைவில்லை. எதிரே இருந்த மருந்துக் கடைக்காரர் பயந்துபோய் மகளுக்கு போன் அடித்துவிட்டார்.

அவள் நேரே ஹாலுக்குப் போனாள். குஷனை எடுத்து நாற்காலியை நகர்த்தினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் தண்ணீரை அடித்தாள். இளம்பழுப்பு நனைந்து அடர் பழுப்பாகிக்கொண்டே போனது. மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் கறுத்தது. நடுவில் ஓர் இடத்தில் தண்ணீர் ஒட்ட மாட்டேன் என்று முத்து முத்தாக உருண்டு இறங்கியது. வட்டமாக, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தாற்போல, ஒரு தலை அளவுக்கு.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. “இங்கதான் இருக்கீங்களா” என்றாள்.

பின்னால் கதவு திறந்த சத்தம் அவள் காதில் விழவில்லை. மகள் மூச்சு வாங்க வந்து நின்றாள். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டாள். பிறகு கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். லாண்டரியம்மா கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாள். சுவரில் தூசி இருந்தது, அதனால் கழுவினேன் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். முகத்தில் வழிந்ததைத் துடைக்காமல் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டாள்.

மகள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா எப்பவும் ஜன்னல் பக்கம்தான் சாய்வாரு” என்றாள்.

இருவரும் பார்த்துக்கொண்டே இருக்கும்போது சுவர் காயத் தொடங்கியது. ஓரத்திலிருந்து ஈரம் விலக, வட்டத்தின் விளிம்பு கரைந்துகொண்டே வந்து, கடைசியில் எல்லாம் ஒரே இளம்பழுப்பாகிவிட்டது.

“இன்னொரு தடவ அடி மா.”

அடித்தாள். தலை மறுபடி வந்தது. மகள் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், உனக்கு வேணும்னா சொல்லியிருக்கலாமே என்றாள். எப்படிடி சொல்வது, இருபத்தெட்டு வருடம் சண்டை போட்டிருக்கிறேனே என்றாள் லாண்டரியம்மா. சீலர் விஷயமும் அப்போது வெளியே வந்துவிட்டது. ரெண்டு கோட்டு கல்யாணச் சட்டைக்கு அடங்கிப்போனதைக் கேட்டு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைச் சீண்டினாள்.

“உன்னால எடுக்க முடியாத கறை இது ஒண்ணுதான்னு அப்பா ஊரெல்லாம் சொல்வாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு.”

லாண்டரியம்மா சட்டென்று திரும்பினாள். எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள். தொழிலைச் சொன்னால் பொறுக்க மாட்டாள்.

“முடியாதுன்னு யாரு சொன்னது? சாக்பீஸ் தூளக் குழைச்சு அப்பி, மேல ஒரு பழுப்புத் தாள் வச்சு, இளஞ்சூட்டுல இஸ்திரிப் பெட்டிய ஓட்டினா மொத்த எண்ணெயும் தாளுக்கு வந்துடும். அரை மணி நேர வேலை.”

“அது உனக்கு எப்பத் தெரியும்?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்.”

மகள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சுவர் மறுபடி காய்ந்துகொண்டிருந்தது.

“அப்புறம் ஏன்மா எடுக்கல?”

லாண்டரியம்மா பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். தண்ணீர் தீர்ந்திருந்தது.

“எனக்கு நேரம் எங்கடி இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கச் சமையலறைக்குப் போனாள்.